குழந்தைக்குத் துணை நாய்; பெற்றோருக்குக் கோர்ட்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சிறுமி. பிறவியிலேயே மூளைவாதம். 2009-ல், அவளுக்கு ஐந்து வயதானபோது, ஊரார் கைகொடுக்க 13,000 டாலர் திரட்டிப் பயிற்சி பெற்ற ஒரு நாயைப் பெற்றோர் பெற்றனர். கீழே விழுந்ததை எடுத்துக் கொடுக்கும், கதவைத் திறக்கும், விளக்கைப் போடும், மேல்கோட்டைக் கழற்ற உதவும். யாரையும் எதிர்பாராமல் குழந்தை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள வழி பிறந்தது.

பள்ளி நிர்வாகம் நாயை மறுத்தது. உதவிக்குத்தான் ஆள் இருக்கிறதே என்றது! பிறகு சோதனையாகச் சில காலம் அனுமதித்தது. எப்படி? நாய் வகுப்பின் பின்கோடியில் கிடக்க வேண்டுமாம். குழந்தை முன்னே, துணை பின்னே!

ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 1990-லேயே வந்துவிட்டது. ஆயினும் பெற்றோர் கோர்ட் படியேற வேண்டியிருந்தது. வேறு வழிகளில் முறையிட்டுவிட்டு வா என்று கீழ்க்கோர்ட்டுகள் தள்ளின. 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டின் எட்டு நீதிபதிகளும் குடும்பத்தின் பக்கம் நின்றனர். அதுவும் முடிவல்ல, வழக்கை மறுபடி பரிசீலிக்கும்படி கீழே அனுப்பினர். எட்டு ஆண்டுகள்! ஒரு குழந்தையின் பள்ளிப் பருவத்தில் பாதிக்கு மேல்.

சட்டம் கதவைத் திறக்கச் சொல்கிறது. நாயை வாங்கித் தருவது யார்? முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான சர்க்கார் இன்ஷ்யூரன்ஸான மெடிகேர் இதற்கு ஒரு டாலரும் தருவதில்லை. ஊரார் இரங்காவிட்டால்? சக்கர நாற்காலியைப் போல இந்த நாயும் சிகிச்சைச் சாதனமே. செலவைச் சர்க்கார் கஜானா ஏற்கட்டும்.