‘லினக்ஸில் மைக் வேலை செய்யாது’: ஒரு தீர்ப்பும் அதன் மறுப்பும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் உள்ளிட்ட சென்னையின் தென்புறநகர்களில், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு பேசுவதற்கும் வீட்டிலிருந்தே அலுவலகக் கூட்டங்களில் கலந்துகொள்வதற்கும் கணினிவழி அழைப்பு அன்றாடத் தேவையாகிவிட்டது. அத்தகைய வீடொன்றில் லினக்ஸ் நிறுவிய கணினியிலிருந்து பேசுபவரின் குரல் எதிர்முனையில் கேட்காவிட்டால், “லினக்ஸ்னா அப்படித்தான், விண்டோஸ் போட்டுடுங்க” என்னும் ஒற்றைத் தீர்ப்பே பெரும்பாலும் கிடைக்கிறது. கட்டற்ற மென்பொருளுக்குப் புதிதல்லாத வட்டாரம் இது. 2005இல் நடுவண் அரசு தொடங்கிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனமும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து நடத்திய முயற்சியாகும்; 2007இல் வெளிவந்த ‘பாஸ்’ லினக்ஸ் அதன் விளைவு. அப்படியிருந்தும் அந்தத் தீர்ப்பு இங்கே கேள்வியின்றி நிலைத்திருப்பதால், அதற்கு அடிப்படையாகச் சொல்லப்படும் ஐந்து வாதங்களையும் தனித்தனியே எடுத்து ஆராய வேண்டியுள்ளது.

அதற்கு முன், குரல் செல்லும் வழியை அறிந்துகொள்வது அவசியம். ஒலிவாங்கி, அதாவது மைக், காற்றின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றுகிறது. ஒலியட்டை அதை எண்களாக்குகிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள ‘ஆல்சா’ என்னும் இயக்கித் தொகுதி அந்த எண்களைப் பெற்றுக்கொள்கிறது. ஒரே நேரத்தில் பல செயலிகள் ஒலியைப் பகிர்ந்துகொள்ள உதவும் ஒலிச் சேவையகம் அவற்றை வாங்கி உரிய செயலிக்குத் தருகிறது. அழைப்பு மென்பொருள் அவற்றைச் சுருக்கி இணையத்தில் அனுப்புகிறது. மேல்மாடிக் குழாயில் தண்ணீர் வராதபோது போர், மோட்டார், தொட்டி, வால்வு என்று வரிசையாகப் பார்க்காமல் வீட்டையே குறைசொல்பவர் யாருமில்லை. கணினியில் மட்டும், இந்த ஐந்து கண்ணிகளில் எது அறுந்தாலும் பழி ஒரே பெயரின்மேல் விழுகிறது.

முதல் வாதம், லினக்ஸுக்கு மைக்குக்கான இயக்கிகள் இல்லை என்பது. 2003 டிசம்பரில் வெளியான 2.6ஆம் கெர்னலிலிருந்தே ஆல்சா கெர்னலின் பகுதியாக இருந்துவருகிறது. யு.எஸ்.பி. வழியே செருகும் ஹெட்செட்டுகளில் பெரும்பாலானவை பொதுவான ஒரு தரத்தைப் பின்பற்றுவதால், தனி இயக்கி எதையும் நிறுவாமலே அவை இயங்குகின்றன. சிக்கல் மிகுதியாக எழுவது 3.5 மி.மீ. செருகிகளில்தான். பழைய மேசைக்கணினியில் கேட்பதற்குப் பச்சை, பேசுவதற்கு இளஞ்சிவப்பு என இரண்டு துளைகள் இருக்க, கைப்பேசிக்கென வாங்கிய நான்கு தொடுமுனைச் செருகியுள்ள ஹெட்செட்டைப் பச்சைத் துளையில் செருகினால் ஒலி கேட்கும், மைக் மட்டும் ஊமையாக இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும் பிரிப்பான் கம்பி ஒன்றே இதற்குத் தீர்வு. விண்டோஸுக்கு மாறினாலும் அந்தக் கம்பி தேவைப்படவே செய்யும்.

எனினும் இவ்வாதத்தில் உண்மையான பகுதி ஒன்று உண்டு. ஏறக்குறைய 2019 முதல் வந்த இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில், உட்பொதிந்த மைக் பழைய ஒலியட்டை வழியே செல்லாமல் முதன்மைச் சில்லோடு நேரடியாக இணைக்கப்பட்டிருப்பதால், அதை இயக்க ‘சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்’ என்னும் நுண்நிரலும் போதிய அளவு புதிய கெர்னலும் வேண்டியிருக்கின்றன. புதிய மடிக்கணினியில் பழைய லினக்ஸ் வட்டை நிறுவியவருக்கு மைக் பட்டியலிலேயே தெரியாமல் போவது இதனால்தான். குறை நிறுவிய பதிப்பின் வயதைச் சார்ந்தது என்பதால், புதிய பதிப்பும் அந்த நுண்நிரல் தொகுப்பும் வந்ததும் அது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

இரண்டாவது வாதம், லினக்ஸின் ஒலி அடுக்குகள் ஒன்றோடொன்று மோதும் குழப்பம் என்பது. இது ஒரு காலத்தில் நியாயமான புகாராக இருந்தது. லினக்ஸ் வழங்கல்களான ஃபெடோராவிலும் உபுண்டுவிலும், 2007இல் ஃபெடோரா 8லும் 2008இல் உபுண்டு 8.04லும் ‘பல்ஸ்ஆடியோ’ என்னும் ஒலிச் சேவையகம் இயல்பிருப்பாக நுழைந்தபோது, ஆல்சாவை நேரடியாகப் பிடித்துக்கொண்டிருந்த பழைய செயலிகள் அதனோடு முரண்பட்டன. ஸ்கைப்பும் 2014இல் வெளியிட்ட 4.3ஆம் பதிப்பில் ஆல்சாவை நேரடியாக அணுகுவதைக் கைவிட்டுப் பல்ஸ்ஆடியோவைக் கட்டாயமாக்கியதால், அதை நிறுவாதவர்களுக்கு அழைப்பில் ஒலியே இல்லாமல் போயிற்று. இன்று ‘பைப்வயர்’ என்னும் புதிய சேவையகம் 2021இல் ஃபெடோரா 34லும் 2022இல் உபுண்டு 22.10லும் இயல்பிருப்பாகி, பல்ஸ்ஆடியோவுக்கென எழுதப்பட்ட செயலிகளையும் தாங்கிக்கொள்கிறது. பழைய மோதலை வைத்து இன்றைய நிலையைத் தீர்மானிப்பது பொருந்தாது.

இந்த அடுக்குகளில் நேரும் பழுதுகளில் புரியாத புதிராகத் தோன்றும் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சில மடிக்கணினிகளில் உள்மைக்கின் இடத் தடத்திலும் வலத் தடத்திலும் ஒரே ஒலி, ஆனால் எதிரெதிர்த் திசையில் அசையும் அலைகளாக வந்துசேர்கிறது. ஒலிப்பதிவுச் செயலி இரு தடங்களையும் தனித்தனியே வைத்துக்கொள்வதால் குரல் தெளிவாகப் பதிகிறது. அழைப்பு மென்பொருளோ இரண்டையும் கூட்டி ஒரே தடமாக்குகிறது, கூட்டியதும் மேட்டைப் பள்ளம் நிரப்பி எல்லாம் சுழியாகிவிடுகிறது. பதிவில் பேசும் மைக் அழைப்பில் மௌனமாவதைக் கண்டவர் மென்பொருளையோ லினக்ஸையோ ஐயுறுவது இயல்பே. ஆனால் ‘பேவுகன்ட்ரோல்’ என்னும் ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியின் உள்ளீட்டுப் பக்கத்தில் இரு தடங்களையும் பிணைத்திருக்கும் பூட்டுக் குறியைத் திறந்து, ஒரு தடத்தை மட்டும் முழுவதும் குறைத்துவிட்டால், கழிப்பதற்கு எதிரலை இல்லாததால் குரல் திரும்பிவிடுகிறது.

மூன்றாவது வாதம், அழைப்பு நிறுவனங்கள் லினக்ஸைப் புறக்கணிக்கின்றன என்பது. ஸ்கைப்பின் லினக்ஸ் பதிப்பு நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது உண்மை. அந்தச் சேவையே 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. அதற்குள் அழைப்பு என்னும் வேலை பெருமளவு உலாவிக்குள் குடிபெயர்ந்துவிட்டது. கூகுள் 2011இல் திறந்த மூலமாக வெளியிட்டு, 2021 ஜனவரியில் டபிள்யூ3சி அமைப்பு இறுதித் தரமாக ஏற்ற ‘வெப்ஆர்டிசி’ என்னும் தொழில்நுட்பம், உலாவியே மைக்கைத் திறந்து குரலை அனுப்ப வழிசெய்கிறது. கூகுள் மீட், ஜிட்சி முதலியவை இதனால் எல்லா இயங்குதளங்களிலும் ஒரே மாதிரி இயங்குகின்றன. 2019 வரை தாம்பரத்தை உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு தன் இணையவழிச் சந்திப்புகளை ஜிட்சியில் நடத்திவருவது, லினக்ஸில் குழுவாகப் பேச முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே உள்ள சான்று. உலாவியில் எழும் சிக்கல் பெரும்பாலும் அனுமதி சார்ந்தது: முதன்முறை கேட்கப்பட்டபோது ‘தடை’ என்று அழுத்திவிட்டால், முகவரிப் பட்டையின் அருகிலுள்ள குறியைத் திறந்து அனுமதியை மாற்றும்வரை அந்தத் தளத்துக்கு மைக் கிடைக்காது. ‘ஸ்னாப்’ என்னும் தொகுப்பு வடிவில் நிறுவிய செயலிகளுக்கு, ஒலிப்பதிவு உரிமையைத் தனியே வழங்க வேண்டிய தருணங்களும் உண்டு.

நான்காவது வாதம், குரல் விட்டுவிட்டு வருவதற்கும் கரகரப்பதற்கும் லினக்ஸே காரணம் என்பது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குரல் சென்றடைய 150 மில்லிநொடிக்குள் ஆவதே நல்ல உரையாடலுக்கு ஏற்றது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. நெருக்கமான அடுக்ககங்களில் ஒவ்வொரு வீட்டின் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒன்றையொன்று மேவாத மூன்றே தடங்களுக்காகப் போட்டியிடும்போது, குரலைச் சுமக்கும் தரவுப் பொட்டலங்கள் தாமதமாகவும் தொலைந்தும் சேர்வதில் இயங்குதளத்துக்குப் பங்கில்லை. புளூடூத் ஹெட்செட்டின் கதையும் இத்தகையதே. பாட்டுக் கேட்கும் முறையில் ஒலி ஒரு திசையில் மட்டும் உயர்தரமாகச் செல்கிறது. மைக்கைத் திறந்த உடனே ஹெட்செட் இருதிசை அழைப்பு முறைக்கு மாறி, நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள் என்னும் குறைந்த தரத்துக்கு இறங்கிவிடுகிறது. பல்ஸ்ஆடியோ இந்த 16,000 மாதிரித் தரத்தை 2021இல் வெளியான 15ஆம் பதிப்பில்தான் ஏற்றது என்பது லினக்ஸின் பக்கம் நின்ற குறையே. ஆயினும் மைக்கைத் திறந்ததும் தரம் தாழ்வது வழக்கமான புளூடூத்தின் அமைப்பிலேயே உள்ளது. கம்பியுள்ள ஹெட்செட்டில் அது நேர்வதில்லை.

ஐந்தாவது வாதம், இவற்றையெல்லாம் கண்டறியக் கட்டளைகளை மனப்பாடம் செய்தவராக இருக்க வேண்டும் என்பது. சோதனையின் வரிசை எளியது. அமைப்புகளில் ஒலிப் பக்கத்தைத் திறந்து, சரியான மைக்கைத் தேர்ந்து, பேசும்போது உள்ளீட்டு அளவுப் பட்டை அசைகிறதா என்று பார்ப்பது முதற்படி. அது அசைந்தால் மைக், கெர்னல், சேவையகம் மூன்றும் பெரும்பாலும் நலம். தேட வேண்டியது செயலியிலும் இணையத்திலும். அசையாவிட்டால் ‘ஆல்சாமிக்சர்’ என்னும் சிறு செயலியில் எஃப்4 விசையை அழுத்திப் பதிவுப் பகுதி அணைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பேவுகன்ட்ரோலின் பதிவுப் பக்கத்தைத் திறந்தால், எந்தச் செயலி எந்த மைக்கிலிருந்து ஒலியை எடுக்கிறது என்பது பெயரோடு தெரியும். வெப்கேமராவின் மைக் தேர்வாகியிருந்தால் அங்கேயே மாற்றிவிடலாம். அழைப்பு இல்லாத நேரத்தில் அந்தப் பக்கம் வெறுமையாக இருப்பதைப் பழுதென்று கொள்ளக் கூடாது.

விண்டோஸில் மட்டுமே இயங்கும் ஒரு குறிப்பிட்ட மென்பொருளைப் பணியிடமோ தேர்வு நடத்தும் அமைப்போ கட்டாயமாக்கும்போது, விண்டோஸைத் தேர்வதில் தவறில்லை. அங்கே முடிவைத் தீர்மானிப்பது அந்த மென்பொருள். மற்றபடி, மேலே கண்ட குறைகளில் லினக்ஸுக்கே உரியவை எந்தப் பதிப்பில் இருந்தன, எதில் நீங்கின என்று சொல்லக்கூடியவை. எஞ்சியவை செருகி, அனுமதி, புளூடூத், வைஃபை ஆகியவற்றைச் சார்ந்து எந்த இயங்குதளத்திலும் பின்தொடர்ந்து வருபவை. எனவே பழுதுபார்ப்பவர் வன்வட்டை அழித்து வேறு இயங்குதளம் நிறுவுவதாகச் சொன்னால், எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று அவரிடம் முதலில் கேட்பதே வாடிக்கையாளருக்கு நல்லது. அதற்கு விடையின்றிச் செய்யும் மாற்றத்தில் வட்டிலுள்ள கோப்புகள் போகலாம், மைக் பழையபடி ஊமையாகவே இருக்கலாம்.