நாங்கள் கொடுக்காத விளம்பரம்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்றுதான் திருவள்ளூர் மாவட்டத்தில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஐந்தாண்டுகளில் 68 லட்சம் மாணவர்களுக்குக் கொடுப்பது இலக்கு. எங்கள் படாளம் வட்டாரத்துக்கும் அந்த லேப்டாப்புகள் வந்து சேர்ந்தன. கரும்பு வெட்டப் போகிறவர் வீடானாலும் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர் வீடானாலும், பெரும்பாலும் வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். அதை நாங்கள் வீணடித்தோம். பெற்றோர், ஆசிரியர், டி.டி.பி. கடைக்காரர், அன்று பிளஸ் டூ படித்து இன்று முப்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் என்று எல்லோரையும் சேர்த்துத்தான் ‘நாங்கள்’ என்கிறோம்.

விளம்பரத்துக்குக் குறைவே இல்லை. மூடியில் முதலமைச்சர் படம், பையில் படம், விழா மேடையில் பேனர். யார் கொடுத்தார்கள் என்பது ஊரில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்ல ஒரு துண்டு நோட்டீஸ்கூட அடிக்கப்படவில்லை. அரசு அடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு நாங்கள் நழுவ முடியாது. காதணி விழாவுக்குக் கூட்டு ரோடு முழுக்க ஃப்ளெக்ஸ் கட்டியவர்கள் நாங்கள். தீமிதித் திருவிழாவுக்கு ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொன்னவர்கள். விளம்பரம் செய்யத் தெரியாதவர்கள் அல்லவே!

அந்த மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றது பாஸ் லினக்ஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் பாஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி, 2007இல் வெளியிட்டது. மெனுவைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், தமிழில் தட்டச்சு செய்யலாம், யாருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம், குற்றமில்லை. இங்கிருந்து எழுபது எண்பது கிலோமீட்டரில் பிறந்த மென்பொருள் அது. எங்களுக்கு அதன் பெயர் மட்டும்தான் தெரியும், அதுவும் அழிப்பதற்காக.

விண்டோஸ் ஸ்டார்ட்டரில் முகப்புப் படத்தை மாற்ற முடியாது. பிள்ளைகளுக்கு அது பொறுக்கவில்லை. “அண்ணா, அந்த பாஸைத் தூக்கிட்டு அல்டிமேட் போட்டுக் குடுங்க” என்று கடைக்கு வந்தார்கள். கடையில் இருந்த நாங்கள் காசு வாங்கிக்கொண்டு, தமிழ் பேசும் சட்டபூர்வமான மென்பொருளை அழித்து, விண்டோஸ் அல்டிமேட்டின் திருட்டு நகலை ஏற்றிக் கொடுத்தோம். அதை ‘ஒரிஜினல்’ என்று வேறு சொன்னோம். “படத்த மாத்தறதுன்னா பாஸ்லயே மாத்திக்கலாம் தம்பி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த வார்த்தையைச் சொல்லவிடாமல் தடுத்தவற்றில் முதலாவது சுவர் விளம்பரம். கணினி என்றாலே எம்.எஸ். ஆபீஸ், டேலி என்று ஜி.எஸ்.டி. சாலைச் சுவர்களில் பயிற்சி மையங்கள் எழுதிவைத்ததைப் படித்தே வளர்ந்தோம். சுவரில் இல்லாத பெயருக்கு வேலை கிடைக்காது என்று நம்பினோம். இரண்டாவது மதிப்பெண். பொதுத்தேர்வில் கேட்காத எதையும் வகுப்பில் தொட எங்களுக்கு நேரமில்லை. “பரீட்சை முடியட்டும்” என்று சொல்லி பீரோவில் பூட்டிவைத்த பெற்றோரும் நாங்கள்தான். பரீட்சை முடிவதற்குள் பேட்டரி முடிந்துவிட்டது.

மூன்றாவது காரணம்தான் எங்களுக்கு மிகவும் வெட்கம் தருவது. மூடியில் ஒரு கட்சித் தலைவரின் முகம் இருந்ததால், அந்தக் கணினியையே கட்சிக்காரராக்கிவிட்டோம். அதைப் புகழ்ந்தால் ஆளுங்கட்சி என்பார்களே என்று ஆசிரியர்கள் வாய்மூடினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் ‘டப்பா’ என்றார்கள். ஆளுங்கட்சிக்காரர்களோ விழா முடிந்ததும் அடுத்த விழாவுக்குப் போய்விட்டார்கள். கொடுத்தவரைப் பற்றிய சண்டையில், கொடுத்த பொருளைப் பற்றிப் பேச யாரும் மிஞ்சவில்லை. இலவசம் வாக்கை வாங்குகிறதா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய், 2013இல் தீர்ப்பும் வந்தது. டீக்கடையில் அதைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடினோம். வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டுப் பிள்ளை அதில் படம் பார்த்துக்கொண்டிருந்தது.

விளம்பரம் என்றால் விற்பது மட்டும்தான் என்று நினைத்தது எங்கள் அடிப்படைப் பிழை. பிரிட்டனில் அக்கார்ன் என்ற சிறு நிறுவனம் செய்த வீட்டுக் கணினியை பி.பி.சி. தன் பெயரில் எடுத்துக்கொண்டது. 1982 ஜனவரியில் ‘தி கம்ப்யூட்டர் புரோகிராம்’ என்ற தொடரை ஒளிபரப்பி, கணினியை வைத்து என்ன செய்யலாம் என்று வாராவாரம் வீட்டுக்கூடத்தில் செய்துகாட்டியது. 12,000 விற்றால் பெரிது என்று எதிர்பார்த்தார்கள். முடிவில் 15 லட்சம் போனது. 1984இல் இந்தியப் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வி வந்தபோது அந்த பி.பி.சி. கணினிதான் வந்தது. அங்கே செய்துகாட்டியதே விளம்பரமாக இருந்தது. இங்கே விலைப் பிரச்சினை ஏற்கெனவே தீர்ந்துவிட்டது; செய்துகாட்டுவது ஒன்றுதான் பாக்கி இருந்தது. பள்ளியின் கரும்பலகையும் நூலகத்தின் மேசையும் அதற்குப் போதும்.

தண்டனையும் வந்தது. 2020 ஜனவரி 14, போகி நாள். அன்றோடு விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. எதை வைத்துக்கொண்டோமோ அது பழையதாகிக் கழிந்தது. எதை அழித்தோமோ அந்த லினக்ஸ் குடும்பம் இன்றும் காசில்லாமல் புதுப்பித்துக்கொண்டே போகிறது. அடுத்த இரண்டு மாதத்தில் கொரோனா ஊரடங்கு. பிளஸ் டூ மாணவர்கள் அரசு கொடுத்த லேப்டாப்பைப் பள்ளிக்கு எடுத்துவந்து வீடியோ பாடங்களை ஏற்றிக்கொள்ளலாம் என்று 2020 ஜூலையில் ஏற்பாடானது. மற்ற வகுப்புப் பிள்ளைகளின் வீட்டிலோ, அண்ணனுக்கோ அக்காவுக்கோ முன்பு கிடைத்த லேப்டாப் பரணில் கிடந்தது, அல்லது விற்றாகிவிட்டது. பத்தாம் வகுப்புத் தம்பியும் எட்டாம் வகுப்புத் தங்கையும் அப்பாவின் ஒரே போனுக்குச் சண்டை போட்டார்கள்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லட் என்று 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கை அறிவித்தது. ஆட்சி மாறினாலும் கொடுப்பவர் விளம்பரம் மாறுவதில்லை. அதைக் குறை சொல்லிக்கொண்டிருக்க எங்களுக்கு உரிமையும் இல்லை. எங்கள் பங்கு விளம்பரத்தை இப்போதாவது நாங்கள் அடித்தாக வேண்டும். அதற்கு எழுதிவைத்திருக்கும் வாசகம் இது:

“பரணில் பழைய அரசு லேப்டாப் இருக்கிறதா? எந்த ஆட்சியில் வாங்கியது என்று கேட்க மாட்டோம். ஆன் ஆகாவிட்டாலும் எடுத்து வாருங்கள். 2 ஜி.பி. ரேமை 4 ஆக்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டினால் இன்னும் சில வருடம் ஓடும். பாகங்களுக்கு மட்டும் காசு. லினக்ஸ் இலவசம், தமிழில் வரும். அப்பா அம்மாவும் கூட வர வேண்டும்; எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்களுக்கும் சேர்த்துச் செய்துகாட்டுவோம்.”

நோட்டீஸில் யார் படமும் கிடையாது.