எண்ணெய் சுமந்த கப்பலுக்கு வரலாறு கிடையாதா?

1971 டிசம்பர் 4ஆம் நாள் இரவு கராச்சித் துறைமுகத்தின் மீது நடந்த தாக்குதலை முன்னிட்டே அந்நாள் கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. நிபாட், நிர்காட், வீர் என்னும் மூன்று ஏவுகணைப் படகுகளின் பெயர்கள் வினாடி வினா நூல்கள் வரை வந்து சேர்ந்துவிட்டன. துணைசென்ற கில்தான், கச்சல் ஆகிய போர்க்கப்பல்களும் நூல்களில் இடம்பெறுகின்றன. அதே அணியோடு போஷக் என்றொரு எண்ணெய்க் கப்பலும் சென்றது. அந்த ஏவுகணைப் படகுகள் கரையோரக் காவலுக்காக வடிவமைக்கப்பட்டவை. தம் எரிபொருளை மட்டும் நம்பி நெடுந்தொலைவு சென்று திரும்பக்கூடியவை அல்ல. போஷக் என்னும் வடசொல்லுக்கு ஊட்டி வளர்ப்பவர் என்று பொருள். ஊட்டியவரைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரி; சில இடங்களில் அதுவும் இல்லை.

இதைத் தற்செயலான மறதி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. கடற்படை வரலாறு என்றால் சுட்ட கப்பலின் வரலாறு என்னும் எண்ணம் ஆய்வுலகிலும் வேரூன்றியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகமாக நிற்கிறது. கார்வார் கடற்கரையில் சபல் ஏவுகணைப் படகு நிற்கிறது. எண்ணெயும் குடிநீரும் உணவும் வெடிபொருளும் சுமந்த வழங்கல் கப்பல்கள் பணி முடிந்ததும் இரும்பாக எடைபோடப்பட்டன. அவற்றைப் பற்றி ஆய்வு செய்ய முனையும் மாணவரிடம், 'இதில் ஆய்வுச் சிக்கல் எங்கே இருக்கிறது?' என்று கேட்பதுதான் துறைகளின் வழக்கம். சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை ஒரு மாதிரிக் கப்பலைக் கொண்டே காட்டலாம். மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில், உடைக்கப்பட்ட கப்பல்களின் பித்தளை விளக்குகளும் திசைகாட்டிகளும் விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு மாதிரிக் கப்பலின் உடற்கூடு மட்டும் செம்பூரிலோ மாதுங்காவிலோ உள்ள ஒருவர் வீட்டுக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்கட்டுமானம் போய்விட்டது, வண்ணம் உரிந்துவிட்டது. முன்பக்கத்தில் ஏ50 என்ற எண் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இதைச் செப்பனிட வேண்டுமானால் இது எந்தக் கப்பல் என்று முதலில் தெரிய வேண்டும்.

எண்ணைக் கொண்டு தேடினால் தீபக் என்று விடை வரும். சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. தீபக் என்ற பெயரில் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் இருந்திருக்கின்றன. முதலாவது ஜெர்மனியின் பிரேமன் நகரில் பிரேமர் வுல்கன் கட்டுந்தளத்தில் உருவாகி 1967இல் பணியேற்று 1996இல் ஓய்வு பெற்றது. இரண்டாவது இத்தாலியின் ஃபின்காந்தியேரி நிறுவனம் கட்டியது. 2011 ஜனவரியில் மும்பையில் பணியேற்றது. இரண்டுக்கும் அதே பெயர், அதே ஏ50. சக்தி என்ற எண்ணெய்க் கப்பலுக்கும் இதே கதைதான்: பழையது, புதியது, இரண்டுக்கும் ஏ57. கடற்படைக்கு இது மரபைப் போற்றும் செயல். ஆவணத்தைத் தேடுபவருக்கோ ஒரே சொல் இரு பொருளைச் சுட்டும் குழப்பம். சொல்லை மட்டும் வைத்துப் பொருளைத் தீர்மானிக்க முடியாது என்பது மொழியியலின் முதலாண்டுப் பாடம். பெயரை மட்டும் பதிந்து ஆண்டைப் பதியாத புகைப்படத் தொகுப்புகளுக்கு அந்தப் பாடம் இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆகவே உடற்கூட்டையே கேட்க வேண்டும். பழைய தீபக்கின் நீளம் சுமார் 168 மீட்டர், அகலம் சுமார் 23 மீட்டர். புதியது 175 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். மாதிரியின் அளவுவிகிதம் தெரியாதபோது நீளத்தை மட்டும் அளந்து பயனில்லை. நீளத்தை அகலத்தால் வகுக்க வேண்டும். பழையதற்கு ஏறத்தாழ 7.3 வரும், புதியதற்கு 7 வரும். கையிலிருக்கும் கூடு 84 சென்டிமீட்டர் நீளம் என்றால், அகலம் பதினொன்றரையா பன்னிரண்டா என்பதில்தான் நாற்பதாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி அடங்கியிருக்கிறது. அரை சென்டிமீட்டர்! செய்தவர் கை நடுங்கியிருந்தாலோ மரம் ஈரத்தில் உப்பியிருந்தாலோ அந்த அரை சென்டிமீட்டரும் சாட்சி சொல்லாது. பிறகு முகப்பின் சாய்வு, பின்புறத்தின் வளைவு, குழாய்களைத் தாங்கும் தூண்கள் நின்ற துளைகளின் இடைவெளி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். சான்றை ஐயுற்று, ஒப்பிட்டு, விலக்கி, எஞ்சுவதை ஏற்கும் இம்முறைக்கும் சுவடிப் பதிப்பில் பாடபேதம் பார்க்கும் முறைக்கும் என்ன வேறுபாடு? ஒன்று ஆய்வு, மற்றொன்று பொழுதுபோக்கு என்று யார் வகுத்தது?

ஒப்பிடுவதற்கு வரைபடம் வேண்டும். பழைய தீபக்கின் வரைபடத்தைத் தேடுபவர் முதலில் கடிதம் எழுத வேண்டிய ஊர் பிரேமன், மும்பை அன்று. அந்தக் கட்டுந்தளமோ கப்பல் ஓய்வுபெற்ற அதே 1996இல் திவாலாகி மறு ஆண்டு மூடப்பட்டது. இலண்டன் கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் வரைபடங்கள் இருக்கின்றன. மாதிரி செய்வோர் விலைகொடுத்து நகல் பெறலாம். இந்தியாவில் 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. 2021இல் பாதுகாப்பு அமைச்சகம் போர் வரலாற்று ஆவணங்களைத் தொகுக்கவும், பொதுவாக 25 ஆண்டுகளில் மறைநிலை நீக்கவும் ஒரு கொள்கையை அறிவித்தது. அந்த அறிவிப்பு பெயர்சொல்லிக் குறிப்பிட்டவை போர் நாட்குறிப்புகளும் நடவடிக்கைப் பதிவேடுகளும். கப்பலின் கட்டுமான வரைபடம் அங்கே பெயர் பெறவில்லை. போர் செய்தால்தான் ஆவணம் என்ற அதே மனப்போக்கு!

பாதுகாப்பு இரகசியம் என்று ஒரு மறுப்பு வரும். இயங்கும் கப்பலுக்கு அது பொருந்தும். அயல்நாட்டார் வரைந்து, அயல்நாட்டார் கட்டி, முப்பதாண்டு எல்லாத் துறைமுகங்களிலும் எல்லோர் கண்ணிலும் பட்டு, ஓய்வும் பெற்றுவிட்ட எண்ணெய்க் கப்பலின் அடிவளைவில் இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

புகழ்பெற்ற கப்பலுக்கே நேர்ந்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். விக்ராந்த் 1997இல் ஓய்வு பெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக நின்று, 2012இல் மூடப்பட்டது. ஏலத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 2014இல் தள்ளுபடியானது. சுமார் 60 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டு, தாருக்கானா உடைதளத்தில் துண்டாக்கப்பட்டது. அதன் உருக்கின் ஒரு பகுதி 2016இல் பஜாஜ் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளாக வெளிவந்தது. அதற்காவது வழக்குப் போட ஆள் இருந்தது. (தாருக்கானா என்றால் வெடிமருந்துக் கிடங்கு. 'தாரூ' என்றதும் மதுவை நினைத்துச் சிரிக்கும் மும்பைத் தமிழர் இதையும் அறிந்துகொள்ளலாம்.) அந்தத் தளத்தில் எரிவாயுச் சுடரைப் பிடித்துக் கப்பலை வெட்டும் தொழிலாளிக்கு எந்தத் தகடு எங்கே தடிப்பு, எந்தத் தொட்டிக்குப் பின் எந்த அறை என்பது தெரியும். கப்பலின் உட்கூற்றைக் கடைசியாகக் காணும் மனிதர் அவர். அவரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்ற ஆய்வாளர் எத்தனை பேர்?

தமிழ்த் துறைகளின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. நாவாய், வங்கம், கலம் என்னும் சங்கச் சொற்களை வைத்து ஆண்டுதோறும் கருத்தரங்கம் நடக்கிறது. கடலோடிய தமிழன் என்ற பெருமிதத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் உடற்கூட்டின் அடிமரத்துக்கு ஏரா என்றும், விலா மரங்களுக்கு வங்கு என்றும், முகப்புக்கு அணியம் என்றும் தூத்துக்குடித் தோணித் தொழிலில் வழங்கிய சொற்கள் கருத்தரங்க மேடைக்கு அரிதாகவே வருகின்றன. தோணித் தலைவரைக் குறிக்கும் தண்டல் என்ற சொல் 'டிண்டல்' ஆகி ஆங்கிலேயர் கப்பல்கள் வரை சென்றது. தாமஸ் ரோபக் என்ற ஆங்கிலேய அதிகாரி 1811இலேயே இந்துஸ்தானிக் கப்பற்சொற்களுக்கு அகராதி தொகுத்துவிட்டார். இருநூறு ஆண்டு கடந்தும், எஃகுக் கப்பலின் உறுப்புகளைத் தமிழ்த் தொழிலாளர் எப்படி அழைக்கின்றனர் என்பதற்கு அப்படியொரு தொகுப்பு கல்விப்புலத்தின் புழக்கத்தில் இல்லை. மும்பைத் தமிழர் ஆய்வு என்றால் தாராவியின் தோல் தொழில், மாதுங்காவின் கோயிலும் உணவகமும், செம்பூரின் சங்கங்கள்; அத்தோடு முடிந்தது. நகரின் கிழக்கு விளிம்பு முழுவதும் துறைமுகம் என்பது ஆய்வேட்டுத் தலைப்புகளைப் பார்த்தால் தெரியவே தெரியாது.

கூட்டின் அடையாளம் தெரிந்த பின்னும் வேலை முடிவதில்லை. எந்த உயரத்தில் நீர்க்கோடு இடுவது? போர்க்கப்பல் நீரில் அமிழும் ஆழம் பயணம் முழுவதும் பெரிதாக மாறாது. வழங்கல் கப்பல் அப்படியன்று. நிறைசுமையோடு புறப்படும்போது ஏறத்தாழ 9 மீட்டர் அமிழ்ந்து, மேல்தளம் அலையில் நனைய நகரும்; எண்ணெயை எல்லாம் ஊட்டிவிட்டுத் திரும்பும்போது வயிறு தெரிய மிதக்கும். கடலில் இரு கப்பல்கள் சில பத்து மீட்டர் இடைவெளியில் அருகருகே ஒரே வேகத்தில் ஓட, நடுவே கம்பியில் தொங்கும் குழாய் வழியே எண்ணெய் பாயும். ஒன்று எழ, மற்றொன்று தாழும். ஆகவே நீர்க்கோட்டை எங்கே இடுகிறோம் என்பது, கப்பலை அதன் பணியின் எந்த நேரத்தில் நிறுத்துகிறோம் என்னும் முடிவு. பதிவேடும் புகைப்படமும் வாய்மொழியும் இல்லாமல் அந்த முடிவை எடுக்க இயலாது.

விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டுந்தளத்தில் 2023ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஐந்து புதிய வழங்கல் கப்பல்கள் உருவாகின்றன. முதற்கப்பலுக்கான எஃகு 2024 ஏப்ரலில் வெட்டப்பட்டது. பற்றவைப்பவரும் பொருத்துநரும் தத்தம் மொழிகளில் அவற்றின் உறுப்புகளுக்கு இப்போதே பெயரிட்டுக்கொண்டிருப்பார்கள். கடல்சார் வரலாற்றுக்கும் மொழியியலுக்கும் நிதிகேட்டு விண்ணப்பம் எழுதும் துறைகள், அடுத்த விண்ணப்பத்தில் அந்தக் கட்டுந்தளத்துக்கு ஒரு மாணவரை அனுப்பும் செலவையும் சேர்க்கட்டும்.