நில ஏற்றமும் ஊர் உரிமையும்

ஒருவன் உழ, மற்றொருவன் விதைக்க, இருவரும் அல்லாத மூன்றாமவன் அறுத்துச் செல்வானாயின், அதனை அறமென்பார் உளரோ? நம் கடற்கரையில் இஃது அன்றாட நிகழ்ச்சியாயிற்று.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984-லும் இரண்டாவது 1986-லும் முறையாக மின்வழங்கத் தொடங்கின. பின்னர்க் கிழக்குக் கடற்கரைச் சாலை விரிந்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பெற்றது. இவையெல்லாம் மக்கள் தந்த வரியாலும் சுங்கத்தாலும் ஆயவை. இவற்றால் உயர்ந்த நிலமதிப்போ, வேலியிட்டுக் காத்திருந்தார் கைக்கே சேர்கின்றது.

புதுப்பட்டினத்தில் வாழும் என் தாய்மாமன், மகளின் திருமணத்தின் பொருட்டுப் பத்துச் சென்ட் நிலத்தை விற்றார். வாங்கினவர் அதில் ஒரு செங்கல்லும் வைத்தாரிலர். இன்று அந்நிலம் விற்ற விலையினும் பன்மடங்கு பெறும். மாமன் மகனோ, பிறந்த ஊரிலேயே வாடகை வீடு தேடி அலைகின்றான்.

நிலத்தின் பயனை ஊர்ப்பணிக்கு ஆக்குதல் நமக்குப் புதிதன்று. ஏரியைப் பேணுதற்கென்றே ஏரிப்பட்டி என நிலம் ஒதுக்கினர் பல்லவர் காலத்தார். 1920-ஆம் ஆண்டுச் சென்னை நகரமைப்புச் சட்டமும், திட்டத்தால் மதிப்புயர்ந்த நிலத்தினின்று ஒரு பங்கு பெற வழிவகுத்தது. அதன்பின் வந்த 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 2007-ல் அடிப்படை வசதிக் கட்டணம் சேர்க்கப்பெற்றது. ஆயின் அது கட்டடத்தின் தளப்பரப்பை அளந்து பெறுவது. வீடு கட்டுவோன் செலுத்துகின்றான். வெறுநிலத்தை முடக்கி வைப்போன் அதற்குத் தப்புகின்றான். குறை இதுவே.

"குடிசையன்றி வேறில்லாத மீனவரும் இவ்வரிக்கு உட்படுவரே?" என்பார் சிலர். அவர் அச்சம் பொருளற்றதன்று. மதிப்புயர்ந்த மாத்திரத்தே ஏழையின் பையில் பணம் விழுவதில்லை. ஆதலின், குடியிருப்போரை விலக்கி, நிலம் விற்கப்படுங்காலும், வயல் மனையாக மாற்றப்படுங்காலும் ஏற்றத்தில் ஒரு பங்கைப் பெறுதல் வேண்டும். நெடுநாள் வெறிதே கிடக்கும் மனைக்கு ஆண்டுதோறும் வரி விதித்தல் வேண்டும்.

அங்ஙனம் பெறுவது தலைநகர்க் கருவூலத்தில் கரைந்துபோதல் ஆகாது. சதுரங்கப்பட்டினத்தில் பெற்றது சதுரங்கப்பட்டினத்தின் குடிநீருக்கும், கழிவுநீர் வாய்க்காலுக்கும், எளியோர்க்கான வாடகை வீட்டிற்கும் ஆதல் வேண்டும். கணக்கைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! நாளை நம்மிற் பலர் மனை வாங்குவோம். அன்று விலையேற்றங் கண்டு மகிழுமுன், அவ்வேற்றத்தை ஆக்கியவர் யாவர் என வினவுவோமாக. ஊர் ஆக்கிய செல்வத்தில் ஊர்க்கும் பங்குண்டு. அதனைக் கேட்பது பிச்சையன்று, உரிமை.