இடைவெளி அல்ல, காரணம்

அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில், வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு ஏறக்குறைய 2,85,000 டாலர்; கறுப்பினக் குடும்பத்துக்கோ 45,000 டாலர்தான். இந்த எண்களை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும், இல்லாதவர்களுக்கு உதவும் திட்டங்களுக்கு ஆதரவு பெருகும் என்று நல்லெண்ணம் கொண்ட பலர் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஆல்பெர்ட்டோ அலெசினா, ஸ்டெஃபானி ஸ்டான்ட்சேவா முதலிய பொருளாதார அறிஞர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இடைவெளி எவ்வளவு என்பதை ஒருவர் சரியாக அறிந்திருப்பதற்கும் அவரது கொள்கை நிலைப்பாட்டுக்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை. அந்த இடைவெளி ஏன் வந்தது என்று அவர் கருதுகிறார் என்பதோடுதான் நிலைப்பாடு ஒட்டி நின்றது. முயற்சிக் குறைவே காரணம் என்பவர், வரிப்பணம் வீணாகிறது என்கிறார். பாகுபாடே காரணம் என்பவர், அரசு ஈடுகட்ட வேண்டும் என்கிறார்.

இரண்டில் எது உண்மைக்கு அருகில் இருக்கிறது? 1934-இல் தொடங்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளின் வீட்டுக்கடன்களுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் வெள்ளையர் வாங்கிய வீடுகளின் மதிப்பு ஏறியது, பிள்ளைகளின் கைக்குப் போனது. கறுப்பினத்தவரில் பலருக்கு விட்டுச்செல்ல வீடே இருக்கவில்லை. வரலாற்றைப் பேசினால் தனிமனித உழைப்பு மறைந்துவிடும் என்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே அளவு வருமானம் உள்ள குடும்பங்களை ஒப்பிட்டாலும், கறுப்பினத்தவரின் சொத்து குறைவாகவே இருக்கிறது. உழைப்பை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

மக்கள் முதலில் கட்சியைத் தேர்ந்துகொண்டு, பிறகே அதற்கேற்ற காரணத்தைத் தேடுகிறார்கள் என்ற வாதத்தில் உண்மை உண்டு; ஒரே நாட்டில் கட்சிக்குக் கட்சி விளக்கம் மாறுவது கண்கூடு. ஆனாலும் விளக்கம் வெறும் முகமூடி அல்ல. அதே ஆய்வில், இடைவெளியின் அளவை மட்டும் காட்டியபோது அசையாத கருத்து, காரணங்களையும் நீண்டகால விளைவுகளையும் விளக்கியபோது அசைந்தது. எந்த விளக்கம் பரவுகிறது என்பதில் ஊடகங்களுக்கும் பொறுப்புண்டு. ஏழைகள் என்று அமெரிக்கச் செய்தி ஊடகங்கள் காட்டியவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு உண்மை நிலவரத்தைவிட மிக அதிகம் என்பதை அரசியல் அறிஞர் மார்ட்டின் கிலென்ஸ் 1999-இல் வெளியிட்ட நூல் நிறுவியது.

இனத்தைப் பற்றிப் பேசாமல் எல்லோருக்கும் பொதுவான திட்டங்களைக் கொண்டுவந்தால் சிக்கல் தீரும் என்பதுதான் வலுவான மறுப்பு. அத்தகைய திட்டங்களை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஓய்வூதியப் பிரிவிலும் இனம் பற்றி ஒரு சொல் கிடையாது. விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்வோரையும் அது விலக்கி வைத்தது. அன்றைய கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். அவர்களுக்குக் கதவு திறக்க 1950, 1954 ஆண்டுகளின் திருத்தங்கள் தேவைப்பட்டன.