ஐந்தாம் வகுப்புக்கு எதற்கு நாவல்?

"எழுத்துக்கூட்டிப் படிக்கவே வரல, இதுகளுக்கு நாவலா?"

போன மாதம் ஓர் ஆசிரியர் என்னிடம் கேட்டது. கெட்ட மனிதர் இல்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, பிள்ளைகள் எழுத்தையே மறந்துவிட்டு வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தவர். அதற்காகத்தான் 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அவர் கவலை நியாயமானது. எனக்குச் சண்டை அந்த "இதுகளுக்கு" என்ற சொல்லோடுதான்.

பணம் கட்டிப் படிக்கும் பள்ளியில் பத்து வயதுப் பிள்ளை ரோல் தால் நாவலைப் படித்துவிட்டு, எந்தப் பாத்திரம் பிடித்தது, முடிவு ஏன் பிடிக்கவில்லை என்று வகுப்பின் முன் நின்று பேசுகிறது. அதே வயதுச் சேரிப் பிள்ளைக்குப் பொருத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக. கதை கிடைத்தாலும் ஒரு பக்கக் கதை, கடைசியில் "இக்கதை உணர்த்தும் நீதி யாது?" அந்த நீதியையும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறார்கள், பிள்ளை பார்த்து எழுதுகிறது. ஒரு பிள்ளை கருத்துச் சொல்லப் பழகுகிறது, இன்னொன்று விடை எழுதப் பழகுகிறது. இருவரும் பிற்பாடு ஒரே கல்லூரியில் வந்து உட்காரும்போது, யார் கையைத் தூக்குகிறார்கள், யார் கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பது இதைப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் மாலைநேர மையம் தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் நடக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர். சரளமாக வாசிப்பவர்கள் ஐந்து பேர்தான். அதனால் நான் வாசித்தேன், அவர்கள் கேட்டார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் காது கேட்காது என்று யார் சொன்னது? தினமும் இருபது நிமிடம், இரண்டு அத்தியாயம், ஒரு மாதம். புத்தகம் 'டோட்டோ-சான்'. கறாராகச் சொன்னால் அது நாவல் இல்லை. தெட்சுகோ குரோயநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981இல் வெளிவந்தது. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, நாளைக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

அதில் ஓர் இடம் வரும். டோட்டோவின் பணப்பை கக்கூசுக் குழிக்குள் விழுந்துவிடும். அவள் நீளக் கைப்பிடி உள்ள அகப்பை ஒன்றைத் தூக்கிவந்து, குழியின் மூடியைத் திறந்து, தானே அள்ளி வெளியே குவிப்பாள். தலைமையாசிரியர் பார்த்துவிட்டுத் திட்ட மாட்டார். முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார். குழந்தையை நம்பிய ஆசிரியர் என்று கல்வியாளர்கள் சிலாகிக்கும் இடம். நானும் அதைப் பற்றித்தான் பேச நினைத்திருந்தேன்.

பிள்ளைகள் வேறு பக்கம் போனார்கள். "மூக்குல துணி கட்டுனாளாக்கா?" "மூடியத் தொறந்தவொடனே குனியக் கூடாது, கேஸ் அடிக்கும்." இதைச் சொன்னவனுக்கு ஒன்பது வயது. அப்புறம் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பெரிதாக எதுவும் சொல்லும் தோரணையே இல்லாமல், "அவ பர்ஸு, அவ ஸ்கூல் கக்கூசு, அவளே அள்ளுறா. எங்கப்பா யாரு வீட்டதையோ அள்ளுறாரு" என்றாள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல், அவள் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. அவள் சொன்ன அந்த ஒரு வரியை எந்தக் கோடிட்ட இடத்தில் நிரப்புவீர்கள்?

அடுத்து நான் செய்தது தப்பு. உற்சாகத்தில் பக்கத்தில் இருந்த பையனிடம், "உங்க வீட்டுல எப்படி?" என்று கேட்டுவிட்டேன். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனவன் இரண்டு நாள் வரவில்லை. அவள் தானாகச் சொன்னாள். அவனிடம் நான் பிடுங்கினேன். எல்லாரும் நம் பிள்ளைகளாக இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், கலந்து உட்காரும் வகுப்பில்?

அதையும் பார்த்தாயிற்று. அரசுப் பள்ளி ஆசிரியையான என் தோழி இதே பகுதியை ஐந்தாம் வகுப்பில் வாசித்தாள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்று பிள்ளைகள் திரும்பி ஒரு பையனைப் பார்த்தார்கள். அவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோழி அவனை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் எல்லாருக்கும் துண்டுத்தாள் கொடுத்து, பெயர் எழுத வேண்டாம், நீங்கள் டோட்டோவாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதச் சொன்னாள். பெரும்பாலோர் "ஆளைக் கூப்பிடுவேன்" என்று எழுதியிருந்தார்கள். அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டாளாம். வகுப்பு கப்சிப். அந்தக் கேள்விக்கு அன்றைக்கே பதில் வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. ஆனால் கேள்வி திரும்பிப் பார்த்த மூன்று பேரிடம் போயிற்று. குனிந்திருந்தவன் எதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வகுப்பறையில் சாதியைப் பேச வேண்டும் என்று நாம் மேடையில் முழங்குகிறோம். பேசும்போது எந்தப் பிள்ளை காட்சிப்பொருளாகிறது என்பதை அவ்வளவு யோசிப்பதில்லை. 2023இல் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது, கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடைசெய்யச் சொன்னது. தடைசெய்யட்டும். ஆனால் கயிறு கட்டும் வயது வருவதற்கு முன்னால், இன்னொருவர் வாழ்க்கைக்குள் ஒரு மாதம் குடியிருந்து பார்க்கும் பழக்கத்தை எங்கே கொடுக்கிறோம்? ஒரு பக்கக் கதையில் குடியிருக்க முடியாது. அதற்குத்தான் நாவல் கேட்கிறேன்.

என்ன வாசிப்பது என்று கேட்பீர்கள். 'கூளமாதாரி'யில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள்தான் வருகிறார்கள், ஆனாலும் அது பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட நாவல் இல்லை. ஐந்தாம் வகுப்பில் முழுசாக வைக்க மாட்டேன். பாமாவின் 'கருக்கு' (1992) அப்படியே வேண்டாம், ஒரு பகுதியை எடுக்கலாம். பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப்போவதைப் பார்த்துச் சின்னப் பெண் சிரிக்கிறாள், அப்புறம் அண்ணன் சொல்லித்தான் விஷயம் புரிகிறது. அதைப் பத்து வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளும், ஏனென்றால் முதலில் சிரிப்பதே ஒரு பிள்ளைதான். ஆனால் கலந்த வகுப்பில் அதை எடுக்கும் ஆசிரியர், முந்தின நாளே எந்தக் கேள்வியை யாரிடம் கேட்கக் கூடாது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் போடவே கூடாது.

தண்ணீர் குடிக்கப் போன பையன் திரும்பி வந்துவிட்டான். கதையைப் பற்றி இன்னும் ஒன்றும் பேசவில்லை, ஆனால் வாசிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்கிறான். அடுத்து யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' தொடங்குகிறோம். கையில் ஒரு பிரதிதான் இருக்கிறது. வீட்டில் சும்மா கிடந்தால் கொடுத்தனுப்புங்கள். மாலையில் வந்து வாசிக்க இருபது நிமிடம் இருப்பவர்களும் வாருங்கள்.