முதல் கேமராவுக்கு எந்த லென்ஸ்?

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குக் கேமரா வாங்கித் தருகிறவர்கள் நம் சங்கத்துக் குடும்பங்களில் நிறையப் பேர். நல்ல காரியம். ஆனால் கடைக்காரர் சேர்த்துக் கட்டித் தரும் இரண்டு ஜூம் லென்ஸ்களோடு வாங்கி வருவதுதான் எனக்குச் சம்மதமில்லை. பெட்டியோடு வரும் 18-55 இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது ஜூமுக்குக் கொடுக்கும் பணத்தில் ஜூம் ஆகாத பிரைம் லென்ஸ் ஒன்று வாங்குங்கள் என்பதே என் கட்சி.

காரணம் வெளிச்சம். ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போகிறோம். பாட்டி உட்கார்ந்திருப்பது ஒற்றை டியூப்லைட் எரியும் கூடத்தில். 18-55 லென்ஸை 55-இல் வைத்தால் அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. சாதாரண பிரைம் எஃப் 1.8 வரை திறக்கும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள். ஒன்பதரை மடங்குக்கு மேல் வெளிச்சம்! 1/15 வினாடியில் ஆடிப்போகும் படம் 1/125-இல் நிற்கும். ஃபிளாஷ் அடித்துப் பாட்டியின் முகத்தைச் சுண்ணாம்பாக்க வேண்டியதில்லை. அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லார் விஷயத்திலும் சொல்ல முடியாதல்லவா?

50 மி.மீ. வாங்கு என்று பலரும் சொல்வார்கள். அது ஃபிலிம் காலத்துக் கணக்கு. முதல் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது அதைவிடச் சிறிய சென்சார். பத்தடி தள்ளி நின்றால் 50-இல் ஏறத்தாழ நாலரை அடி அகலம்தான் விழும். 35-இல் ஆறரை அடி. நம் திருமுல்கேரி ஃபிளாட்களில் பின்னால் நகரச் சுவர் இடம் விட வேண்டுமே! ஆகவே 35. விலை எட்டாவிட்டால் 50-உம் மோசமில்லை.

ஜூம் இல்லாமல் எப்படி என்கிறவர்களுக்கு: காலால் நடக்கலாம். 1880-களில் நம் செகந்திராபாத்தில் ஸ்டூடியோ வைத்த லாலா தீனதயாள், ரூர்க்கி தாமசன் கல்லூரியில் பொறியியல் படித்து, இந்தூர் பொதுப்பணித் துறையில் இருந்தவர். (எங்கள் தொழில்காரர் என்பதில் எனக்கொரு தனிப் பெருமை!) ஆறாம் நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரரான அவரிடம் ஜூம் ஏது? கண்ணாடித் தகடுகளும் முக்காலியுமாக, நிற்கும் இடத்தைத்தான் மாற்றினார்.

இனி கேமராவில் வைக்க வேண்டியவை. மேலே உள்ள திருகை 'ஏ' அல்லது 'ஏவி'யில் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. ஆட்டோ, உச்சவரம்பு 3200. குறைந்தபட்ச ஷட்டர் வேகம் குறிக்கும் வசதி இருந்தால் 1/125. ஒருவர் முகமென்றால் எஃப் 2 போதும். குடும்பமே இரண்டு வரிசையாக நின்றால் 4 அல்லது 5.6, இல்லாவிட்டால் பின்வரிசைச் சித்தப்பா மங்கிவிடுவார். வெள்ளை வேட்டி படத்தை அடைத்துக்கொண்டால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். எக்ஸ்போஷரை +1 ஏற்றுங்கள். ஜன்னலுக்கு முன் நிற்கிற முகத்துக்கும் அதேதான். மற்ற மெனுக்களை ஆறு மாதம் திறக்கவே வேண்டாம்.

ஊருக்குப் புறப்படும் முதல் நாள் வாங்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு மாதமாவது பழகட்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய நிக்கான் 'டி' வகை லென்ஸ் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அவற்றில் அந்த லென்ஸைக் கையால்தான் திருக வேண்டும்.